வீட்டுக் கூடத்தில் ஒரு ஓடுதளம்

1878-ஆம் ஆண்டு இலையுதிர் காலம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடர் ராப்பிட்ஸ் என்ற ஊர். வெளியூர் போயிருந்த பாதிரியார் மில்டன் ரைட் வீடு திரும்பினார். கைகளுக்குள் எதையோ பாதி மறைத்து வைத்திருந்தார். என்னவென்று பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதற்குள் அதை மேலே விட்டெறிந்தார். கீழே விழும் என்று எதிர்பார்த்தால், அது அறையைக் கடந்து பறந்து போய்க் கூரையில் முட்டி, சற்று நேரம் அங்கேயே படபடத்துவிட்டுத்தான் இறங்கியது. தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கிவிட்ட ரப்பர். இவ்வளவுதான் அதற்குள் இருந்தவை. பிரான்ஸைச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெனோ வடிவமைத்த விளையாட்டு ஹெலிகாப்டர் அது. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த வில்பருக்கு வயது 11, தம்பி ஆர்விலுக்கு 7.

அத்தனை மெல்லிய பொம்மை சிறுவர்கள் கையில் எத்தனை நாள் தாங்கும்? சீக்கிரமே உடைந்துபோனது. அண்ணனும் தம்பியும் அதைப் பார்த்துத் தாங்களே ஒன்று செய்தார்கள். பறந்தது. அடுத்ததை இன்னும் பெரிதாகச் செய்தார்கள். அளவு கூடக் கூடப் பறப்பது குறைந்துகொண்டே போனது. ஏன் என்று அந்த வயதில் அவர்களுக்குப் பிடிபடவில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்குதான் கூடும். எடையோ எட்டு மடங்கு ஏறிவிடும். இரண்டு மடங்கு பெரிய கருவிக்கு எட்டு மடங்கு திறன் வேண்டும் என்பது தங்களுக்கு அப்போது தெரியாமல் போனதை, 1908-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் அவர்களே நினைவுகூர்ந்தார்கள். மனம் சோர்ந்து, பட்டம் விடப் போய்விட்டார்களாம்.

பொம்மை கூரையில் முட்டி ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழித்து, 1903 டிசம்பர் 17 அன்று, கிட்டி ஹாக் அருகே மணல்வெளியில் ஆர்வில் 12 விநாடி பறந்தார். தூரம் 120 அடி. அன்றைய நான்காவது முயற்சியில் வில்பர் 59 விநாடி, 852 அடி பறந்தார். இருவருமே கல்லூரிப் படியை மிதித்தவர்கள் அல்லர். அம்மா சூசன், வண்டி செய்யும் பட்டறை வைத்திருந்தவரின் மகள். உளியும் சுத்தியலும் பிடிக்கத் தெரிந்தவர், பிள்ளைகளுக்குப் பொம்மைகளைத் தன் கையாலேயே செய்து தந்தவர். அப்பா வீடு நிறையப் புத்தகம் வைத்திருந்தார். எதைத் துருவிப் பார்க்க ஆசைப்பட்டாலும் அந்த வீட்டில் தடையில்லை என்று ஆர்வில் பிற்காலத்தில் சொன்னார்.

விமானமும் விண்வெளியும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிடித்தம் பெரும்பாலும் செல்போன் காணொளியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. கையில் ஒரு பொருள் வேண்டும்; அது பறக்க வேண்டும், அல்லது பறக்காமல் அடம்பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதிலைச் சொல்லிவிடாமல் பொறுமையாக இருக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு ஏ4 தாளில் தொடங்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து காகித விமானத்தை விடுங்கள். அளவுநாடா தேவையில்லை, தரையில் பதித்த டைல்ஸை எண்ணினாலே தூரம் தெரிந்துவிடும், நான்கு வயதுக் குழந்தைக்கும் அந்த வேலையைக் கொடுக்கலாம். முதல் விமானம் பெரும்பாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும், நடுவில் திகைத்து நிற்கும், பிறகு தொப்பென்று விழும். இப்போது மூக்கில் ஒரு ஜெம் கிளிப்பை மாட்டச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன்னால், "இப்போ என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று ஒரே ஒரு கேள்வி.

"வெயிட்டுதானே கூடுது? அப்போ சீக்கிரம் விழுந்துடும்."

விட்டுப் பார்த்தால் முன்பைவிடத் தூரமாகப் போகிறது. குழந்தையின் முகத்தில் வரும் அந்தக் குழப்பம்தான் பாடம் தொடங்கும் இடம். எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் பறக்கும் பொருளுக்கு முக்கியம். ஈர்ப்பு மையம் முன்னால் நகர்ந்ததும் மூக்கு அடங்கி விமானம் நிதானப்படுகிறது. இன்னொரு கிளிப்பும் மாட்டினால் நேராகத் தரையில் குத்தும். அதைச் சரிசெய்ய இறக்கைகளின் பின்னோரத்தைத் துளியளவு மேலே மடக்க வேண்டும். பெரிய விமானத்தின் வாலில் விமானி அசைக்கும் பலகை செய்வதும் இதே வேலைதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று தடவை விட்டுப் பார்ப்பது. இந்த ஒழுங்கை மட்டும் பெரியவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் பறந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இறக்கைக்கு மேலே போகும் காற்று வளைந்து அதிகத் தூரம் போக வேண்டியிருப்பதால் வேகமாக ஓடி, கீழே போகும் காற்றோடு பின்னால் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கிறது, அதனால்தான் விமானம் மேலெழுகிறது என்று பல பாடப்புத்தகங்களில் ஒரு விளக்கம் உலவுகிறது. அது தவறு. அப்படிச் சேர வேண்டிய கட்டாயம் காற்றுக்குக் கிடையாது. காகித விமானத்தின் இறக்கை தட்டையானது; அதுவும் பறக்கத்தானே செய்கிறது? இறக்கை சற்றுச் சாய்வாக முன்னேறும்போது காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்று பதிலுக்கு இறக்கையை மேலே தள்ளுகிறது. டேபிள் ஃபேன் முன்னால் ஒரு அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் அந்தத் தள்ளலைக் கையிலேயே உணரலாம். சாய்வை மிக அதிகமாக்கினால் தூக்கும் விசை குறைந்து, அட்டை வெறுமனே பின்னால் தள்ளப்படும். முதல் விமானம் நடுவில் திகைத்து நின்று விழுந்ததற்கும் இதுதான் காரணம்.

இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 2012-இல் ஜான் காலின்ஸ் மடித்த காகித விமானம் 69.14 மீட்டர் பறந்து உலக சாதனை ஆனது. மடித்தது அவர், எறிந்தது அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஜோ அயூப். அந்த அளவுக்கு எறிவதும் ஒரு கலை. 2022 டிசம்பரில் போயிங் நிறுவனப் பொறியாளர்கள் தங்கள் காகித விமானத்தை 88.318 மீட்டர் தூரம் பறக்கவைத்தார்கள்.

காகிதத்துக்கு அடுத்தது பட்டம். ரைட் சகோதரர்களும் அந்த வழியில்தான் திரும்பி வந்தார்கள். 1899-இல் தங்கள் சைக்கிள் கடையில், டியூப் வந்த நீளமான அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது வில்பருக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டியின் ஒரு முனை ஒரு பக்கமும் மறுமுனை எதிர்ப்பக்கமும் திருகுவதுபோல இறக்கைகளையும் திருகினால் விமானத்தைச் சாய்க்கலாம், திருப்பலாம். உடனே விமானம் கட்டக் கிளம்பிவிடவில்லை. ஐந்தடி அகலத்தில் இரட்டை இறக்கைப் பட்டம் ஒன்றைச் செய்து நூலால் இழுத்து இயக்கிப் பார்த்தார். 1900-இல் கட்டிய முதல் கிளைடரையும் பெரும்பாலும் பட்டம்போலக் கயிற்றில் கட்டித்தான் பறக்கவிட்டார்கள்.

பட்டம் விட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. சென்னையில் சூத்திரம் என்றும் யாழ்ப்பாணத்தில் முச்சை என்றும் சொல்லும் கயிற்றைக் கட்டும் இடத்தில்தான் பட்டத்தின் தலைவிதி இருக்கிறது. முடிச்சு விரல் அகலம் மேலே நகர்ந்தால் பட்டம் காற்றை எதிர்கொள்ளும் சாய்வே மாறிவிடும். யாழ்ப்பாணப் பக்கத்து வல்வெட்டித்துறையில் ஒவ்வொரு தைப்பொங்கல் அன்றும் நடக்கும் பட்டப் போட்டிக்கு எழும்பும் பட்டங்களைப் பார்த்தால், பள்ளிக்கூடத்துக்கு வெளியே எத்தனை விமானப் பொறியியல் குடும்பம் குடும்பமாகக் கைமாறி வந்திருக்கிறது என்பது விளங்கும். தாத்தாவுக்கோ மாமாவுக்கோ முச்சை கட்டத் தெரியும் என்றால், அந்த வித்தை பேரப்பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டும். சாதாரணப் பருத்தி நூல் போதும். மாஞ்சா கூடவே கூடாது. மின்கம்பி இல்லாத வெளியிடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹெலிகாப்டர் வேண்டுமென்றால் மரத்தடிக்குப் போகலாம். தமிழகத்தின் வறண்ட குன்றுகளில் வளரும் தணக்கு மரத்தின் காய்க்கு நீளமான இரண்டு இறக்கைகள் உண்டு. உதிரும்போது சுழன்று சுழன்று இறங்கும். சுழற்சி விழும் வேகத்தைக் குறைக்கிறது, அதற்குள் காற்று காயைத் தாய்மரத்திலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நகரத்துச் சாலையோரங்களில் மகோகனி விதை கிடைக்கும். அதற்கு ஒற்றை இறக்கை, ஆனாலும் சுழலும். இதைப் பார்த்த கையோடு ஒரு காகிதத் துண்டை எடுத்து, மேல்பாதியை நடுவில் கிழித்து, ஒரு பாதியை முன்னாலும் மறுபாதியைப் பின்னாலும் மடக்கி, அடியில் ஜெம் கிளிப் மாட்டி மாடிப்படியிலிருந்து விட்டால் காகித ஹெலிகாப்டர் தயார். இறக்கைகளை எதிர்த்திசையில் மடக்கினால் சுழலும் திசையும் மாறிவிடும். பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம்.

இந்தச் சுழலும் இறக்கை எவ்வளவு தூரம் போயிருக்கிறது தெரியுமா? 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளில் 'இன்ஜெனுவிட்டி' என்ற சின்ன ஹெலிகாப்டர் எழும்பியது. பூமிக்கு வெளியே இன்னொரு கோளில் இயந்திரத்தின் விசையால் கட்டுப்பாட்டோடு பறந்த முதல் வாகனம் அதுதான். எடை 1.8 கிலோ. செவ்வாயின் காற்றடர்த்தி பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், 1.2 மீட்டர் நீள இறக்கைகள் நிமிடத்துக்கு 2,400 தடவைக்கு மேல் சுழல வேண்டியிருந்தது. ஐந்து தடவை பறந்தால் போதும் என்று அனுப்பிய வண்டி, 2024 ஜனவரி வரை 72 தடவை பறந்தது. ரைட் சகோதரர்களின் 1903 விமானத்து இறக்கைத் துணியில் ஒரு துளி அதன் சூரியத் தகட்டுக்கு அடியில் ஒட்டப்பட்டிருந்தது.

அந்த ஹெலிகாப்டரின் தலைமைப் பொறியாளர் பாப் பலராம். தென்னிந்தியாவில் வளர்ந்து, சென்னை ஐஐடியில் படித்தவர். 1960-களில் அவருடைய மாமா ஒருவர், நாசாவைப் பற்றித் தகவல் கேட்டு அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதினார். படப் புத்தகங்கள் திணித்த பருத்த உறை ஒன்று வந்து சேர்ந்தது. சிறுவன் பலராம் அதில் மயங்கிப்போனான். நிலவில் மனிதன் இறங்கியதை வானொலியில் கேட்டதும் அந்த மயக்கம் உறுதிப்பட்டது. வீட்டுப் பிள்ளைக்காக ஒரு பெரியவர் மெனக்கெட்டு எழுதிய கடிதம் என்னென்ன செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ராக்கெட் செய்யத் தீயோ வெடிமருந்தோ தேவையே இல்லை. காகிதத்தைப் பென்சிலில் சுற்றி ஒட்டி, ஒரு முனையை மூடி, அடியில் மூன்று சிறகு வைத்து, உள்ளே ஸ்ட்ராவை நுழைத்து ஊதினால் அறையைத் தாண்டிப் பாயும். சிறகு இல்லாமலும் ஒன்றை ஊதிப் பார்க்க வேண்டும். குட்டிக்கரணம் அடித்து விழும்போது சிறகின் வேலை புரிந்துவிடும். அழுத்தி மூடும் சின்ன டப்பாவில் கொஞ்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை ஈனோ போட்டுச் சட்டென மூடி, தலைகீழாக வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டால், உள்ளே பொங்கும் கரியமில வாயு டப்பாவை மேலே தூக்கியடிக்கும்.

இவற்றில் சுவையானது தண்ணீர் ராக்கெட். சோடா ஏற்றிய குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் வால்வு செருகிய தக்கை, காற்றடிக்க சைக்கிள் பம்பு. அழுத்தம் ஏறித் தக்கை பிடுங்கிக்கொண்டதும் தண்ணீர் கீழே சீறும், பாட்டில் மேலே போகும். தண்ணீரே ஊற்றாமல் அடித்தால் 'புஸ்' என்ற சத்தத்தோடு சரி. காற்று எடை குறைவு, தள்ளுவதற்குச் சரக்கு போதாது. முழுக்க நிரப்பினாலோ அழுத்தத்தைச் சேர்த்து வைக்கக் காற்றுக்கு இடமில்லை. நடுவில் எந்த அளவு சிறந்தது என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். ஆனால் பம்பைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும், எல்லோரும் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். சாதாரணத் தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது, கண்ணாடிப் பாட்டில் பக்கமே போகக் கூடாது.

ராபர்ட் காடார்ட் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவியதும் ஒரு குடும்பத் தோட்டத்தில்தான். 1926 மார்ச் 16, மாசசூசெட்ஸ் மாநிலம் ஆபர்ன் ஊரில் அவருடைய உறவினரான எஃபி அத்தையின் பண்ணை. ராக்கெட் பறந்தது இரண்டரை விநாடி, ஏறிய உயரம் 41 அடி. மனைவி எஸ்தர்தான் படப்பிடிப்பாளர். அவர் கையிலிருந்த கேமரா ஒரு தடவை சாவி கொடுத்தால் ஏழு விநாடிதான் ஓடும். ராக்கெட் கிளம்புவதற்குள் படம் நின்றுபோனது.

விண்வெளி என்றதும் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் தூரம் பிடிபடுவதில்லை. ஒரு கூடைப்பந்தைப் பூமி என்று வைத்துக்கொண்டால், டென்னிஸ் பந்து ஏறக்குறைய நிலவின் அளவு. டென்னிஸ் பந்தை வீட்டில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, நிலவு இருக்க வேண்டிய தூரத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு கை தூரத்தில் நிற்பார்கள். இப்போது கூடைப்பந்தின் நடுப்பகுதியில் நூலை ஒன்பதரைச் சுற்றுச் சுற்றி, அதைப் பிரித்து நீட்டுங்கள். ஏழு மீட்டருக்கு மேல் வரும். அங்கேதான் நிலவு. நடுவில் வெற்றிடம் தவிர வேறொன்றும் இல்லை.

அதே அளவில், மனிதர்கள் தங்கியிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் எங்கே? கூடைப்பந்தின் தோலுக்கு மேலே ஏழெட்டு மில்லிமீட்டர் உயரத்தில். செவ்வாய் மிக நெருங்கி வரும்போதுகூட ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். சூரியன் 2.8 கிலோமீட்டர் தள்ளி, 26 மீட்டர் அகலக் கோளமாக நிற்கும். எட்டு மாடிக் கட்டடம் அளவு. அடுத்த தடவை கடைத்தெருவுக்குப் போகும்போது, "நம்ம வீட்டுக் கூடைப்பந்து பூமின்னா, இந்தா இங்கதான் சூரியன்" என்று காட்டலாம்.

அந்த நிலையத்தை மொட்டைமாடியிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றுகிறது. விடியலுக்குச் சற்று முன்போ, பொழுது சாய்ந்த பிறகோ, நமக்கு இருட்டிவிட்ட பிறகும் அதன்மீது வெயில் படும் நேரத்தில், மினுக்காத பிரகாசமான புள்ளியாக நகரும். எந்த ஊரில், எந்தத் திசையில், எத்தனை மணிக்கு என்பதை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலி சொல்லிவிடும். பூமியின் நிழலுக்குள் நுழைந்தால் வானத்தின் நடுவிலேயே சட்டென்று மறைந்துபோகும். எங்கே போனது என்று பிள்ளை கேட்கும்போது, ஒரு டார்ச்சும் அந்தக் கூடைப்பந்தும் இருந்தால் பதில் கிடைத்துவிடும். 2025-இல் அந்த நிலையத்துக்குப் போன முதல் இந்தியரான சுபான்ஷு சுக்லா, அங்கிருந்தபடியே நம் நாட்டு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

வெளியே கிளம்பும் குடும்பங்களுக்கும் இடங்கள் உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது அலுவலகமாக இருந்த மகதலேனா மரியாள் தேவாலயமே இன்று விண்வெளி அருங்காட்சியகம். ராக்கெட்டின் மூக்குக் கூம்பை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன காலம் அது. அன்று அங்கே ராக்கெட் பாகங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்த அப்துல் கலாமுக்குப் பறப்பதன் மேல் ஆசை வந்ததும் ஒரு கடற்கரையில்தான். ராமேஸ்வரத்தில் அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், கரும்பலகையில் பறவையை வரைந்து விளக்கியும் புரியாத பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்ப் பறவைகள் பறப்பதைக் காட்டினார்.

அருங்காட்சியகத்துக்குப் போனால் எல்லாப் பலகைகளையும் படித்து முடிக்க வேண்டும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். ஒரே ஒரு பொருளின் முன்னால் கால்மணி நேரம் நின்று, அதன் படத்தைப் பிள்ளையே நோட்டில் வரைந்தால், அது மனதில் தங்கும்.

செய்து பார்ப்பதற்கு இன்று எல்லைகூட விரிந்துவிட்டது. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டலில், தமிழக அரசுப் பள்ளிகள் உட்பட நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பள்ளிக்கொரு பாகம் என்று செய்த 'ஆசாதிசாட்' செயற்கைக்கோள் 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணம் அது. செயற்கைக்கோள்களை வட்டப்பாதையில் விடுவதற்குப் பதிலாக, பூமிக்கு 76 கிலோமீட்டர் வரை தாழும் நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. கோள் தப்பவில்லை. மறுபடி செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அதே ரக ராக்கெட்டின் இரண்டாவது பயணத்தில் 'ஆசாதிசாட்-2' 450 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுப்பாதையை அடைந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதலை நேரில் பார்க்க, பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019-இல் திறக்கப்பட்டது. ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்னால் இஸ்ரோ இணையத்தில் முன்பதிவு அறிவிக்கும். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் காத்திருந்து பிடிக்க வேண்டும். போகும்போது பிள்ளைகள் கையில் விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று இருக்கட்டும். 44 மீட்டர் உயர பிஎஸ்எல்வி தீயைக் கக்கிக்கொண்டு எழும்புவது கண்ணுக்கு உடனே தெரியும், இடிமுழக்கம் நடந்துதான் வரும். வெளிச்சம் தெரிந்த நொடியிலிருந்து சத்தம் வந்து சேரும்வரை எண்ண வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் மூன்று விநாடி ஆகும் என்பதால், எண்ணியதை மூன்றால் வகுத்தால் ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது வந்துவிடும். சரிதானா என்று, அருகிலுள்ள சூலூர்ப்பேட்டைக்குத் திரும்பும் வழியிலேயே செல்போன் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.